வெர்லீனுக்கு வாய்க்காத துன்பம்

வெர்லீன் ஜார்கென்சனுக்குத் தன் புருஷன்மேல் ஒரே ஒரு குறைதான். அந்த மனுஷனிடம் ஒரு குறையும் இல்லை.

சிரிக்க வேண்டாம். எங்கள் சான்பீட் பள்ளத்தாக்கில் அந்த வருஷம் இருந்த நிலைமைக்கு அது பெரிய குறைதான். அந்த வருஷம்தான் லமார் கம்ப்யூட்டரில் ஆபாசப் படம் பார்த்து மாட்டிக்கொண்டான். லமார் யாரென்றால், வெர்லீனின் உயிர்த்தோழி ஆர்டித்தின் புருஷன், சபைப் பாடகர் குழுவில் முன்வரிசை ஆள். எங்கள் சபையில் காப்பி குடிப்பதே பாவம்; குடித்தவனையே ஊரில் மூன்று தலைமுறைக்கு ஞாபகம் வைத்திருப்பார்கள். இது அதைவிடப் பெரியது. பெயர் சொல்லிக்கூடப் பேசமாட்டோம், 'அந்தப் பிரச்சினை' என்போம். லமார் அழுதுகொண்டே போய் பிஷப்பிடம் ஒப்புக்கொண்டான். பிஷப் ஒட்டசன் அவனுடைய ஆலயச் சீட்டை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அந்தச் சீட்டு இல்லாதவன் ஆலய வாசலைத் தாண்ட முடியாது. பெற்ற பிள்ளைக்கே உள்ளே கல்யாணம் நடந்தாலும் வெளியே புல்தரையில்தான் உட்கார வேண்டும்.

செய்தி கேட்டதும் வெர்லீன் ஒரு தட்டு சீஸ் உருளைக்கிழங்கு செய்து எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆர்டித் தன் தோளில் சாய்ந்து அழுவாள், தான் தேற்றலாம் என்று வழியெல்லாம் வாசகம்கூடத் தயார் செய்தாள். போய்ப் பார்த்தால் சமையலறையில் ஏற்கெனவே பதினோரு தட்டு. தோளில் சாய்ந்து அழ வேறு தோள்களும் வந்து சேர்ந்திருந்தன. அதே பிரச்சினை உள்ள புருஷன்களின் மனைவிமார். சுற்றுவட்டாரத்தில் ஆறு பேர் இருந்தார்கள். அவர்கள் வியாழக்கிழமைதோறும் ஆர்டித் வீட்டில் கூட ஆரம்பித்தார்கள். திரையை இழுத்துவிட்டு ஜெபிப்பார்கள், அழுவார்கள். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்கவும் சிரித்தார்கள். தெருவரை கேட்கும்.

இருபத்தாறு வருஷமாக வெர்லீனும் ஆர்டித்தும் சேர்ந்துதான் பீச் பழத்தைத் தோலுரித்துப் பாட்டிலில் அடைப்பார்கள். அந்த வருஷம் ஆர்டித் வியாழக்கிழமைக்காரிகளோடு அடைத்துவிட்டாள். வெர்லீன் தனியாக முப்பது பாட்டில் அடைத்தாள். ஒவ்வொரு மூடியைத் திருகும்போதும் வயிறு எரிந்தது.

எரிகிற வயிற்றில் எண்ணெய் விட்டது ஐடஹோவிலிருந்து வந்த செய்தி. ஆர்டித்தின் நாத்தனார் மகள் அங்கே படிக்கிறாள். அவளுடைய அறைத்தோழியின் மாமாவுக்குச் சபையில் பெரிய பொறுப்பு. அவர் போன ஒரு கூட்டத்தில், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, யாரும் எழுதிக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டு, சபைத் தலைமையில் இருக்கும் ஓர் அப்போஸ்தலர் தீர்க்கதரிசனம் சொன்னாராம்.

ஆர்டித் இதை ஞாயிற்றுக்கிழமை சபை வராந்தாவில் வைத்துச் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு களை.

"கடைசிக் காலத்துல இந்தச் சேறு வீடு வீடா வருமாம். எந்தப் பொண்ணு தாங்குவாளோ, அவ வீட்டுக்குத்தான் ஆண்டவர் வர விடுவாராம். நாம பொறக்கறதுக்கு முன்னாடியே பரலோகத்துல நம்மளப் பொறுக்கி எடுத்துட்டாங்களாம். ஆண்டவர் திரும்பி வர்றப்போ முதல்ல நம்ம வீட்டுக் கதவத்தான் தட்டுவாராம்டி!"

"நம்மன்னா?" என்றாள் வெர்லீன்.

ஆர்டித் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "எங்க கதவத்தான். உனக்கென்னடி, நீ கொடுத்து வச்சவ. நெல்டன் மாதிரி ஒரு புருஷன்!"

கொடுத்து வைத்தவளாம்! இருபது வருஷம் சபைப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள், ஒரு மாதம் தவறாமல் உபவாசம் இருந்தவள். அவளைப் பரலோகத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த லமாரின் புண்ணியத்தில் ஆர்டித்துக்கு முதல் கதவு.

அன்று வீட்டுக்கு வந்தவள் செய்த காரியத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். புருஷனின் பொருள்களைச் சோதனை போட்டாள். நெல்டன் குதிரைமசால் வயல்களில் தண்ணீர் தெளிக்கும் உருளைக் குழாய்களைப் பழுதுபார்க்கிறவன். வண்டியில், இருக்கைக்கு அடியில், பட்டறை அலமாரியில் எல்லாம் துழாவினாள். மடக்குகிற போனைத் திறந்து பார்த்தாள். கிடைத்ததெல்லாம் குழாய்ச் சாமான் பட்டியல் நாலு, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் ஒன்று. மெத்தைக்கு அடியிலும் கையை விட்டுப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். ஒரு மனுஷன் இப்படியா சுத்தமாக இருந்து தொலைப்பான்?

அடுத்த வியாழக்கிழமை, கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லியோடு ஆர்டித் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே சிரிப்புச் சத்தம். ஆர்டித் கதவைப் பாதி திறந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிடி. உள்ள கூப்பிடலாம், ஆனா இது அவங்களுக்கு மட்டும்னு..."

"நானும் அவங்கள்ல ஒருத்திதான்" என்றாள் வெர்லீன்.

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. திருத்திக்கொள்ள ஒரு நொடி இருந்தது. அதற்குள் ஆர்டித்தின் முகம் மாறி, "ஐயோ, என் ராசாத்தி!" என்று கட்டிக்கொண்டாள். எத்தனை மாதம் கழித்துக் கிடைத்த அணைப்பு! வெர்லீன் நிஜமாகவே தேம்பித் தேம்பி அழுதாள். அந்த அழுகைக்கப்புறம் யார் சந்தேகப்படுவார்கள்?

மூன்று வியாழக்கிழமை அவள் சொர்க்கத்தில் இருந்தாள். சோபாவில் ஆர்டித் பக்கத்தில் இடம். "எப்போ கண்டுபிடிச்சீங்க சிஸ்டர்?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள், அதுவே போதுமாக இருந்தது. அங்கே சொன்னது அங்கேயே இருக்கும் என்று சத்தியம் செய்திருந்தார்கள். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற ஒருத்தி பிஷப்பின் மனைவியிடம் மட்டும்தான் சொன்னாள்.

நாலாவது வியாழக்கிழமை நெல்டன் பட்டறையிலிருந்து நேராகப் பிஷப்பைப் பார்க்கப் போனான். எங்கள் சபையில் பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது; ஒட்டசன் பகலில் டயர் கடை நடத்துகிறவர், நல்ல மனுஷர். வெர்லீனின் மகள் ஜனீலின் ஆலயக் கல்யாணத்துக்கு அப்போது ஆறு வாரம்தான் இருந்தது. அது சம்பந்தமாக ஏதோ பேசக் கூப்பிடுகிறார் என்றே வெர்லீனும் நினைத்தாள்.

நெல்டன் திரும்பி வந்து, சமையலறைக் குழாயடியில் வெகுநேரம் கிரீஸைத் தேய்த்துக் கழுவினான்.

"பிஷப் என் சீட்ட வாங்கிக்கிட்டாரு. மூணு மாசம்" என்றான், திரும்பாமல்.

வெர்லீன் அவன் பின்னால் வந்து நின்றாள். "நீ இல்லன்னு சொல்லலயா?"

"சொன்னேன். எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்றாங்க பிரதர்னாரு. யார் சொன்னதுன்னு கேட்டேன். நீன்னாரு." கையைத் துடைத்துக்கொண்டான். "அப்புறம் ஆமான்னுட்டேன்."

"ஏன்? ஏன் அப்படிச் சொன்னே?"

"நீ சொன்னது பொய்யின்னா உன் சீட்டு போயிடும் வெர்லீன். கல்யாணத்தப்போ அம்மாவாவது உள்ள இருக்கணும்ல ஜனீலுக்கு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நீ ஏன் சொன்னே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பொறாமையா இருந்துச்சு."

"யார் மேல?"

"ஆர்டித் மேல."

நெல்டன் அவளை உற்றுப் பார்த்தான். "லமார் மாதிரி ஒரு புருஷன் வேணுமா உனக்கு?" கிண்டலாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைத் தலைமையிலிருந்து வந்த கடிதத்தைப் பிஷப் மேடையில் வாசித்தார். அப்போஸ்தலர் சொன்னதாக ஒரு வாக்கு ஊர் ஊராகச் சுற்றுகிறது, அப்படி எந்த அப்போஸ்தலரும் எங்கேயும் சொல்லவில்லை, பரப்ப வேண்டாம். ஆர்டித் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தாள். வெர்லீன் ஆராதனை முடிந்த கையோடு பிஷப்பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நான் பொய் சொன்னேன் பிஷப். நெல்டன் ஒரு தப்பும் பண்ணல. என் சீட்ட எடுத்துக்கோங்க, அவருதக் குடுத்துடுங்க."

பிஷப் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அவர் கண்களே கலங்கியிருந்தன.

"சிஸ்டர், கல்யாணம் நெருங்குது, உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா அவரே ஒத்துக்கிட்டாரே."

"அது எனக்காக ஒத்துக்கிட்டாரு!"

"நீங்க அவருக்காக இப்போ இப்படிச் சொல்றீங்க. எத்தனை மனைவிமாரப் பாத்துட்டேன் நான்!" என்றார் மெதுவாக. "உங்கள மாதிரிப் பொண்ணு கிடைக்க அவரு குடுத்து வச்சிருக்கணும்."

பிஷப்பிடம் போய் உண்மையைச் சொல்லச் சொல்லி நெல்டனிடம் இரண்டு வாரம் மன்றாடினாள். அவன் அசையவில்லை. ஜனீலுக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னாள். "அப்பாவ விட்டுக் குடுக்காம பேசறே, சரிம்மா. அவர மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்" என்று மகள் போனை வைத்துவிட்டாள். இந்த ஊரில் அவள் சொன்ன பொய்யை ஒரு நிமிஷத்தில் நம்பினார்கள். உண்மையைத் தலைகீழாக நின்று சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை.

கல்யாணத்தன்று மான்டை ஆலயத்தின் வாசலில் நெல்டன் எல்லோருடைய கோட்டுகளையும் வாங்கிக்கொண்டு வெளியே நின்றுவிட்டான். வெர்லீன் வெள்ளை உடுப்பில் உள்ளே போனாள். கல்யாணம் நடக்கிற முத்திரை அறையில் எதிரெதிரே பெரிய கண்ணாடிகள். பீடத்தின் இரண்டு பக்கமும் சாட்சிக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்தார். கல்யாணத்தை நடத்தி வைக்கும் கிழவர் மற்றதைக் காட்டி, "பொண்ணோட அப்பா?" என்றார்.

பொண்ணின் அப்பா வெளியே புல்தரையில் இருந்தான். நெல்டன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. வெர்லீனுக்கும் அண்ணன் தம்பி கிடையாது. கிழவர் சுற்றிப் பார்த்து, "வேற யாராவது வரலாமே, குடும்ப நண்பர் யாராவது?" என்றார். ஆர்டித் உதவுகிற எண்ணத்தில்தான் புருஷனை முழங்கையால் இடித்தாள். ஒரு வருஷம் ஒழுங்காக இருந்து, சீட்டைத் திரும்ப வாங்கியிருந்த லமார் எழுந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். போகிறபோது ஆர்டித் அவன் கையை ஒருமுறை பிடித்து விட்டாள். அதைப் பார்த்தபோது வெர்லீனுக்கு எரிந்த எரிச்சல், இதுவரை எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆக்கிவிட்டது.

முடிந்து வெளியே வந்தபோது வியாழக்கிழமைக்காரிகள் படியிலேயே அவளைச் சூழ்ந்து அணைத்துக்கொண்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு புல்தரைக்குப் போனாள். நெல்டன் கோட்டுக் குவியலை மடியில் வைத்துக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"கண்ணாடியில எப்படித் தெரிஞ்சாங்க ரெண்டு பேரும்?"

"வரிசையா போய்க்கிட்டே இருந்தாங்க. முடிவே இல்லாம."

"அவ குரல் கேட்டுதா, ஆமான்னு சொன்னப்போ?"

"நல்லாக் கேட்டுது."

"அழுதாளா?"

"அழுதா."

"எப்போ?"

இந்த மனுஷனிடம் இனி ஒரு பொய்யும் சொல்வதில்லை என்று வெர்லீன் சபதம் எடுத்திருந்தாள்.

"உன் நாற்காலியில லமார் போய் உக்காந்தப்போ."

நெல்டன் குனிந்து கோட்டுகளை ஒவ்வொன்றாக மடித்து மதில்மேல் அடுக்கினான். கடைசிக் கோட்டை மடிக்கவில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"இத நீ சொல்லாம இருந்திருக்கலாம் வெர்லீன்" என்றான்.