சுத்தமாக வந்த சிறுநீர்

மூன்று வருஷத்துக்கு முன்னால், அறுவடைச் சமயம். நாங்கள் நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயம் செய்கிறவர்கள். என் கணவருக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் வந்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வாராவாரம் பைக்குள்ளேயே மருந்து செலுத்தினார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பி நோயோடு சண்டை போட வைக்கிற மருந்தாம். உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பதென்றாலே அவருக்கு நடுக்கம். டாக்டரம்மாதான், "புதுசா ஒரு வழி முயற்சி பண்றோம். ஒவ்வொரு தடவையும் மறுநாள் சிறுநீர் மட்டும் கொண்டாந்து குடுங்க. உள்ள சண்டை நடக்குதான்னு அதுல பாத்துக்கறோம்" என்றார். என் கணவரே பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார், அந்தப் பாட்டிலை நான் தொடக்கூட விடமாட்டார்.

மருந்தெல்லாம் முடிந்த அன்று டாக்டரம்மா முகமே சரியில்லை. "எந்த வாரத்துலயும் சண்டை நடந்த அடையாளமே இல்லீங்க. ரொம்பச் சுத்தமா இருக்கு. மருந்து கேக்கலைன்னா பையையே எடுக்க வேண்டி வரலாம்."

 "சுத்தமா இருந்தா நல்லதுதானுங்களே?" என்ற என் கணவர், தலையைக் குனிந்துகொண்டு, "அது என்னோடது இல்லீங்க, பக்கத்து ஊட்டுத் தம்பியோடதுங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நெல் எடுக்க வருகிறவரிடம், மூட்டையில் எப்படி இருந்தாலும், நன்றாகக் காய்ந்த நெல்லாகப் பார்த்து சாம்பிள் காட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். மருந்து போட்டபின் கலங்கலாகப் போனதைக் காட்டினால் கத்தி வைத்துவிடுவார்கள் என்று பயந்து, பக்கத்து வீட்டுத் தம்பியிடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார் மனுஷன்.

"அந்தக் கலங்கல்லதானுங்க நாங்க தேடுனது இருந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். "ஏனுங்க, உங்க உசுர என்ன வெலைக்கு விக்கறதுக்கு நல்ல சாம்பிளாப் பாத்துக் குடுத்தீங்க?"

அன்றே அவருடையதை வாங்கிப் பார்த்தார்கள். சண்டை இருந்தது, ஆனால் ரொம்பக் கொஞ்சம். ஆரம்பத்தில் பலமாக இருந்து குறைந்ததா, எப்போதுமே இவ்வளவுதானா என்று சொல்ல அவர்களிடம் முந்தைய கணக்கு எதுவும் இல்லை. குழாய் விட்டுப் பார்த்தால், நோய் பையின் சுவருக்குள் இறங்கியிருந்தது. பையை எடுத்தார்கள், அப்படியும் பயனில்லை. அடுத்த அறுவடைக்கு அவர் இல்லை.

முதலிலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். டாக்டரம்மாவால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதுதான் இன்னும் என்னை அரிக்கிறது. இப்போதெல்லாம் யாராவது "நல்லாயிருக்கீங்களா" என்று கேட்டால், ஆமாம் என்று தலையாட்ட எனக்கு மனசு வருவதில்லை. எங்கே வலிக்கிறதோ அதைச் சொல்லிவிடுகிறேன்.