மரமேறின காலத்துக் கயிறு

மலையாள நாட்டில் கழக்கூட்டம் என்ற ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு மாடிமேல் மாடியாகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம். பணகுடிப் பக்கத்திலிருந்து மாடம்மாள் அங்கே சித்தாளாக வந்தாள். சித்தாளாக வந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் காலமெல்லாம் கலவைச் சட்டி தூக்கிவிட்டுப் போக வந்தவள் இல்லை இவள். கரண்டி பிடித்துச் சுவர் பூச வேண்டும், அதுவும் சாரத்தின்மேல் ஆண்களுக்குச் சமமாக நின்று பூச வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பிடிவாதம் என்றால் ஏதோ கெட்ட குணம் என்று சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மத்தியானம் எல்லோரும் சோற்றுக்கு உட்காரும்போது, மிஞ்சிய கலவையை அள்ளிக்கொண்டு போய் மூலைமுடுக்கில் பூசிப் பார்ப்பாள். பிறகு சுரண்டி எடுப்பாள். மறுபடி பூசுவாள். மேஸ்திரி சத்தியநேசன் பாறசாலைக்காரர், பூச்சு வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கண்டும் காணாதவர்போல இருந்தவர், ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"ஏ மாடம்மா, மாடிப்படிச் சுவரு ஒண்ண உனக்கு விட்டுத் தாறேன். நல்லா வந்தா நீ கொத்தனாரு. கோணிச்சின்னா மறுபடியும் சட்டிதான், கேட்டியா?"

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் உடைந்த ஓட்டுச் சில்லு கிடந்ததைக் கவனிக்காமல் கையை வைத்துவிட்டாள். வலது கை ஆள்காட்டி விரலின் அடியில் நன்றாக ஆழமாகக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போனால் அந்தச் சுவர் வேறு யார் கைக்காவது போய்விடுமே என்ற பயம் அவளுக்கு. வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை அப்பி, சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிக்கொண்டாள்.

புண் ஆறிற்று. விரல் மட்டும் மடங்கவில்லை. மற்ற விரல்கள் எல்லாம் மடங்கும்போது இது ஒன்று விறைத்து நிற்கும். கும்பிட்டாலும் நிற்கும், சோறு பிசைந்தாலும் நிற்கும். பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றால், எதிரே இருப்பவரை ஏதோ குற்றம் சாட்டுவதுபோல நீட்டிக்கொண்டிருக்கும். கண்டக்டர் ஒருத்தர் கோபப்பட்டே விட்டார்.

"எந்தா சேச்சி, ஞான் எந்து செய்து?"

"உங்கள ஒண்ணும் சொல்லல சாரே. இது வெரலு, அதுபாட்டுக்கு நிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கரண்டியைப் பிடித்தால் கைப்பிடி சுழன்று சுழன்று நழுவியதே, அதற்குச் சிரிப்பு வரவில்லை. சத்தியநேசன் அந்தச் சுவரைத் தானே பூசி முடித்தார். "வெரலு மடங்கட்டும். அடுத்த கட்டடத்துக்கும் மாடிப்படி உண்டல்லோ," என்றார்.

அப்படித்தான் அவள் டாக்டர் சூடாமணியிடம் போனாள். ஸ்ரீவராகம் அக்ரகாரத்து அம்மாள், கை ஆபரேஷனில் பேர் எடுத்தவர். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளே வெரலை இழுக்கற கயிறு அறுந்து சுருண்டு போயிடுத்து. புதுசா ஒரு கயிறு வச்சுத் தைக்கணும். வேற எங்கேயும் போகவேண்டாம், உங்க கையிலேயே இருக்கான்னு பாப்போம். கட்டைவெரலையும் சுண்டுவெரலையும் சேத்து வச்சுண்டு, மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்குங்கோ."

வலது கையில் ஒன்றும் தெரியவில்லை. மாடம்மாள் அவசரமாக இடது கையை நீட்டினாள். மணிக்கட்டின் நடுவில் மெல்லிய கயிறு ஒன்று விண்ணென்று எழும்பி நின்றது.

"இருக்கு, பாத்தேளா! நம்ம முன்னோர் மரத்துலே தொங்கிண்டு திரிஞ்ச காலத்துலே கைக்கு வேண்டியிருந்தது இது. தரையிலே இறங்கி நடக்க ஆரம்பிச்சப்புறம் பெரிசா வேலை இல்லாமப் போச்சு. இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் யார் பொழப்பும் கெடலே. அதனாலே சிலபேருக்குப் பொறக்கறச்சேயே கிடையாது. எனக்கே ரெண்டு கையிலேயும் இல்லே," என்று தன் கையையும் காட்டினார்.

கூட வந்திருந்த புருஷன் நயினார் கட்டடத்தில் கம்பி வளைப்பவன். டாக்டரம்மாவுக்கு முன்னால் தலையாட்டிக்கொண்டிருந்தவன், வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டான்.

"நம்ம என்ன கொரங்கா? சாமி ஒரு கயித்த வச்சிருக்கான்னா ஏதாவது காரணம் இருக்கும். வலது கைதான் போச்சி. இடது கையவும் அறுத்து, அதுவும் வெளங்காமப் போனா சட்டி தூக்கக்கூட ஆவமாட்டே. வேண்டாம்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் அவள் சண்டை போடவில்லை. மறுநாள் வேலைக்குப் போய், கண்ணில் பட்டவரையெல்லாம் கையை நீட்டச் சொன்னாள். சிமெண்டு மூட்டை தூக்குகிறவர், மண் வெட்டுகிறவர், தண்ணீர் சுமக்கிற பெண்கள், ஒருவரையும் விடவில்லை. முக்கால்வாசிப் பேருக்குக் கயிறு இருந்தது. இல்லாதவர்களில் ஒருத்தர்கூட வேலையில் குறைந்தவரில்லை.

"என்ன மாடம்மா, கைரேகை பாக்க எறங்கிட்டியா?" என்று வந்தார் சத்தியநேசன். விஷயத்தைக் கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப உன் கையில கொரங்குக் கயிறு ஓடுதுன்னு சொல்லு!"

"நீங்களும் கையக் காட்டுங்க அண்ணாச்சி."

காட்டினார். இரண்டு கையிலும் ஒன்றையும் காணோம்.

"உங்களுக்குச் சுத்தமா இல்ல. நீங்க பூசின சுவத்துல இன்னைக்கி வரைக்கும் யாராவது ஒரு நொட்டை சொல்லியிருக்காங்களா?"

"அது பின்னே, எவன் சொல்லுவான்?" என்று மீசையைத் தடவினார்.

"அப்ப எனக்கும் இடது கையில அது வேண்டாம். வெரலு மடங்கிட்டா மாடிப்படிச் சுவரு எனக்குத்தான், மறந்துராதிய."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நயினாரின் கையைப் பற்றினாள். அவன் இழுத்துக்கொண்டான். விடுவாளா? இடது கையில் கயிறு எழும்பியது. இரும்புக் கம்பியை வளைக்கிற அந்த வலது கையில் இல்லவே இல்லை. நயினார் தன் கையை ஏதோ அயலான் கையைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தான். "சரி, பண்ணிக்கோ," என்றான்.

பண்ணிக்கொண்டாள். இடது மணிக்கட்டிலிருந்து எடுத்த கயிற்றை வலது விரலுக்குள் ஓட்டித் தைத்தார் டாக்டர். பிறகு வாரக்கணக்கில் கட்டு, அப்புறம் டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி. அதுவரை நயினார்தான் சோறு பொங்கினான். தலைகூட வாரிவிட்டான். அவன் பின்னின சடை தேங்காய்க் கயிறு மாதிரி இருந்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் விரல் அசையவில்லை. மடங்கு, மடங்கு என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

ஒருநாள் அவன் ரசத்தில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டான். அவளுக்கு வந்த கோபத்தில், கையை ஆட்டி ஆட்டித் திட்டித் தீர்த்தாள். நயினார் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன, மரம் மாதிரி நிக்கிய?"

"ஏளா, திட்டும்போது எப்பவும் அந்த வெரலு என்னையக் காட்டிக்கிட்டு நிக்குமே. இன்னைக்கிக் காட்டலையே!"

குனிந்து பார்த்தாள். விரல் மெல்ல வளைந்து, மற்ற விரல்களோடு சேர்ந்து இருந்தது. முழுசாக மடங்கவில்லை. கரண்டிக் கைப்பிடியைச் சுற்றிக்கொள்ள அது போதும். உப்புக் கரித்த அந்த ரசத்தை இரண்டு பேரும் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்கள்.

ஏதோ ஒரு காட்டில், பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் கிளையைப் பிடித்துத் தொங்கினவள் ஒருத்தி இருந்திருப்பாள் அல்லவா? அவளிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்த கயிறு அது. வேலையற்றுக் கிடந்ததற்கு வேலை கொடுத்தவள் மாடம்மாள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பெருமைப்படத்தான் வேண்டும்.

அடுத்த கட்டடத்தில் மாடிப்படிச் சுவர் அவளுக்கு வந்தது. கைலி கட்டின கொத்தனார்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கலவையை வீசி அப்பினாள், மட்டக்கட்டையால் இழுத்தாள், தேய்த்தாள். முடிந்ததும் சத்தியநேசன் வந்து, மட்டக்கட்டையைச் சுவரில் நெடுக வைத்தார், குறுக்கே வைத்தார், மூலைக்கு மூலை வைத்தார். கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கசியவில்லை.

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"ஏ கொரங்கு," என்றார் சத்தியநேசன், மீசையைத் தடவிக்கொண்டே. "இங்க என்ன நின்னுக்கிட்டு இருக்க? அடுத்த மாடிக்கு ஏறு."

மாடம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். கயிறு இல்லாத இடது கையால் சாரத்துக் கம்பை இறுகப் பிடித்தாள். வலது கையில் கரண்டியோடு, விறுவிறுவென்று மேலே ஏறிப் போனாள்.