அப்பாவின் வலது தோள்

என் அப்பா கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டுமே எழுதுவார். சங்கரன்கோவிலில் அவர் வாத்தியாராக இருந்த பள்ளியில்தான் நானும் ஐந்தாம் வகுப்புப் படித்தேன். பையன்கள் என் காதில் விழும்படியே கேட்பார்கள்: "ஏலே, மேல்பாதிக்கு வேற வாத்தியார் வருவாராலே?"

மேலநீலிதநல்லூர் சாலையில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அவர் வலது தோள் நழுவியிருந்தது. கட்டுப் போடுகிறவர் அதை எலும்பு முறிவு என்று முடிவுகட்டி, உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பற்றுப் போட்டு இறுக்கிக் கட்டினார். வாராவாரம் புதுக்கட்டு. வலி குறையக் குறைய, கை கூடிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நழுவிய எலும்போ நழுவிய இடத்திலேயே குடியேறிக்கொண்டிருந்தது. பல மாதம் கழித்து, விரல்கள் மரத்து, சாக்பீஸ் தானாகவே கீழே விழத் தொடங்கியபோதுதான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். போனோம் என்றால் அப்பாவும் நானும். அம்மா நான் பேசக் கற்பதற்கு முன்பே இறந்துவிட்டாள். எங்கள் வீட்டில் தலையெண்ணுவது சுலபம்.

"இவ்வளவு நாள் ஆனத வெளியிலருந்து இழுத்து வைக்க முடியாது சார். திறந்துதான் வைக்கணும்," என்றார் டாக்டர். "பெரிய ரத்தக்குழாய் பக்கத்துலயே ஒட்டிக் கிடக்கும். அது கிழிஞ்சுதுன்னா..."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ வெளிய பெஞ்சுல போயி இருலே."

வெளியே உட்கார்ந்து தரைக்கற்களை எண்ணினேன். அப்பாவின் கை சரியாகிவிடும், இனி பலகையின் உச்சியில் தேதி எழுதுவார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் அப்பா எனக்குச் சமையல் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். "கை கட்டுல கெடக்கையில நீதாம்ல பொங்கிப் போடணும்" என்று மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைக்கப் பழக்கினார். அரிசிக்கு மேல் எத்தனை விரல் தண்ணீர் என்று காட்டினார். சட்டைக்குப் பித்தான் தைக்கச் சொன்னார். புளியங்குடியில் இருக்கும் அத்தை வீட்டுக்கு என்னைத் தனியாகப் பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டு, அதே பஸ்ஸின் கடைசி இருக்கையில் யாரோபோல் உட்கார்ந்து வந்தார். நான் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது.

ஆப்பரேஷனுக்குப் போகும்போது என்னை அத்தை வீட்டில் விட்டார். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. மாமா விடிந்தால் எலுமிச்சைச் சந்தைக்குப் போய்விடுவார். பேச ஆளில்லாமல் நான் சாலையோரம் நின்று திருநெல்வேலிப் பஸ்களை எண்ணினேன். எண்ணுகிற வியாதி எனக்கு அங்கேதான் முற்றியது, இன்றுவரை தீரவில்லை. எந்தப் பஸ்ஸிலிருந்தும் அப்பா இறங்கவில்லை.

ஒருநாள் தலைக்கு எண்ணெய் தேய்த்தபடி அத்தை கேட்டாள்: "இங்கனயே அத்த கூட இருந்துருதியா மக்கா? இங்கயும் பள்ளிக்கூடம் இருக்குல்லா?"

"அப்பொறம் எங்கப்பாவுக்கு யாரு பொங்கிப் போடுவா?"

அத்தை பாதி எண்ணெய்த் தலையோடு என்னை விட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கடைசியில் அப்பா வந்தார். இளைத்திருந்தார். வலது கை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அத்தையும் துணைக்கு வர, மூவரும் சங்கரன்கோவில் போய்ச் சேர்ந்தோம்.

"இனி கை மேல வரும்லாப்பா?" என்று கேட்டேன்.

"தோள் மட்டுக்கும் வருமாம். சாக்பீஸ் விழாது. போதும்லே," என்று சிரித்தார். இவ்வளவுக்குத்தானா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று மாலை அத்தையை விலக்கிவிட்டு நானே சோறு பொங்கினேன். மேலே குழைந்து, கீழே அடிப்பிடித்துவிட்டது. அப்பா இடது கையில் கரண்டியைப் பிடித்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நாளையிலருந்து நீ அடுப்புப் பக்கமே போகாண்டாம். அத்த பாத்துக்கிடுவா. நீ போயி வெளையாடு."

கட்டு இன்னும் பிரிக்கவில்லை. நான்தான் பொங்கிப் போட வேண்டும் என்று சொன்னவரும் அவரேதான். சோறு கெட்டுப்போனதால்தான் என்னை வேண்டாம் என்கிறார் என்று நினைத்து, கொல்லையில் போய் நின்று அழுதேன்.