திருப்பி மாட்டிய போஸ்டர்

தொண்ணூறுகளில் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் பேப்பர் விற்றவருக்கு ஒல்லி உடம்பு, வெண்கலத் தொண்டை. தலைப்புச் செய்தியைக் கூவித்தான் விற்பார். ஒருநாள் காலை கூவவில்லை. போஸ்டரையும் எழுத்து தெரியாதபடி திருப்பி மாட்டியிருந்தார். பேப்பரை வாங்கிப் பிரித்தேன். ‘வீடியோ கேம் வெறி! நண்பனின் மண்டையை உடைத்த மாணவன்!’

“என்னண்ணே, இன்னிக்குக் கூவலையா?”

“கிரிக்கெட்டுல வந்த சண்டை சார் அது. கேம் கடை வாசப்படிகூட மிதிக்காத பையன். அதோ, அவனோட அம்மா நிக்குது. ரயில் ஏறிப் போவட்டும், அப்பால திருப்பிக்கிறேன்.”

நானும் அதே ரயிலில் போய்விட்டேன். பகலில் அவர் போஸ்டரைத் திருப்பினாரா, கூவினாரா, தெரியாது. மாலையில் நானும் அந்த அம்மாவும் வந்து இறங்கியபோது, போஸ்டரின் வெள்ளைப் பக்கம்தான் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.