பின்னால் போன லாரியும் அர்த்தநாரி மிஸ்திரியாரும்

அர்த்தநாரி மிஸ்திரியார் காலமான செய்தியைப் போன செவ்வாய்க்கிழமை காலையில் நெய் டின் ஏற்ற வந்த லாரி டிரைவர் கொண்டுவந்தார். டின்களை ஏற்றி, கயிறு கட்டி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் புறப்படும் நேரத்தில்தான் சொன்னார்.

"நம்ம ரிவர்ஸ் மிஸ்திரி போயிட்டாருங்க. நேத்துச் சாயங்காலம். செவ்வாய்ப்பேட்டை ஷெட்டுலயே, ஒரு கியர் பெட்டியக் கழுவிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராமா."

சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. அந்தப் பட்டப்பெயரைச் சொன்னதால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது. மிஸ்திரியாரைப் பற்றிப் பேசுகிற யாருக்கும் அந்தச் சிரிப்பு வராமல் போகாது. அவரைத் தெரிந்தவர்களுக்காகவும், பட்டப்பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

மிஸ்திரியார் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். சின்ன வயதிலேயே சூரமங்கலத்துக்கு வந்து ரயில் என்ஜின் ஷெட்டில் வேலை பார்த்தார். வலது கைச் சுண்டுவிரலில் பாதியை அங்கே இழந்தார். கேட்டால், "அதை மட்டும் சூரமங்கலத்துலயே உட்டுட்டு வந்துட்டேனுங்க" என்பார். பிறகு மோட்டார்களின் காலம் வந்ததும் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். ஆள் குள்ளம். பொடி போடுவார். சொன்ன நாளில் வரமாட்டார். வந்துவிட்டால் வேலை முடியாமல் போகமாட்டார். செத்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே எழுத வேண்டும் என்பார்கள். அவர் விஷயத்தில் அது அவசியமில்லை. தன் குறையைத் தானே சொல்லிவிடுகிற மனிதரைப் பற்றி நாம் எதை மறைப்பது?

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முன்பு. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பனமரத்துப்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, மூன்று வருஷத்தில் கணவரை இழந்து, ராசிபுரத்துக்கு மேற்கே இருந்த என் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். கணவர் வீட்டில் என்னை வைத்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்கள். மாட்டுக் கட்டுத்தரையைக் கூட்டவும் பத்துப் பேருக்குக் களி கிண்டவும் கூலி கேட்காத ஆள் யாருக்குத்தான் கசக்கும்? அங்கே போய்விடக் கூடாது என்பதுதான் அந்த நாட்களில் என்னுடைய ஒரே பிரார்த்தனை. அண்ணனும் வைத்துக்கொண்டார். ஆனால் வீட்டில் எது தவறினாலும், பசு கன்றைத் தள்ளினாலும், பார்வை என் பக்கம் ஒருமுறை வந்துவிட்டுத்தான் போகும்.

அண்ணனிடம் பழைய அமெரிக்க லாரி ஒன்று இருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரும் கூண்டு, பின்னால் திறந்த பலகைப் பெட்டி. ஊரில் சேர்கிற நெய்யைச் சேலத்துக்குக் கொண்டுபோகிற வண்டி அதுதான். ஒரு சித்திரை வெயிலில், கொதித்த என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டியதில் அது வெடித்துவிட்டது. இரண்டு ஜோடி மாடுகள் அதை வீட்டுக்கு இழுத்து வந்தன. வழியில் ஊர்ச் சனமெல்லாம் நின்று பார்த்தது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் ஒருவரின் கார் பள்ளத்தில் உருண்டு, கூரையும் கதவுகளும் நசுங்கிக் கிடந்தது. என்ஜினுக்குச் சேதமில்லை. அதை அண்ணன் வாங்கிப்போட்டார். கார் என்ஜினை லாரிக்குள் வைக்க வேண்டும். லாரியின் பின் அச்சில் தேய்ந்துபோன பல்சக்கரங்களையும் எடுத்துவிட்டுக் காருடையவற்றைப் போட வேண்டும். இதற்குத்தான் மிஸ்திரியார் வந்தார். வந்தவர் எங்கள் கிணற்றடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணி எறைக்கற கவலை மாடு இருக்குதுங்களா? அப்ப என்ஜின் தூக்க வேற ஒண்ணும் வேண்டாமுங்க" என்றார். கிணற்று மேட்டில் மூன்று மரங்களை நட்டு, கப்பி கட்டி, தண்ணீர் இறைக்கிற வடத்திலேயே என்ஜினை மாட்டினார். மாடுகள் ஒவ்வொரு அடியாக முன்னால் போக, என்ஜின் ஒவ்வொரு சாணாக மேலே வந்தது. தோல் பறி நிறையத் தண்ணீர் வருமென்று நினைத்த மாடுகள் திரும்பத் திரும்பத் தலையைத் திருப்பிப் பார்த்தன.

இருபது நாட்கள் வேலை நடந்தது. என்ஜினைத் தாங்கும் அடிச்சட்டம் பொருந்தவில்லை. அதற்கு இரும்புப் பட்டை அடித்துப் போட்டார். கியர் பெட்டி குட்டையாக இருந்தது. அதையும் பின் அச்சையும் இணைக்கிற நடுத்தண்டைச் சேலத்துக்குக் கொண்டுபோய் நீளமாக்கி வந்தார். கழற்றிய சாமான்களைக் கோணிச் சாக்கில் வரிசையாகப் பரப்பிவைப்பார். நான் ஐந்தாவது வரை படித்தவள். பழைய நாட்காட்டித் தாள்களைக் கிழித்து, எது எங்கே இருந்தது, எந்தப் பக்கம் என்று எழுதி, ஒவ்வொன்றிலும் நூலால் கட்டிவைத்தேன். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. "அம்மிணி, இது என்னங்க?" என்று சீட்டை நீட்டுவார், நான் படிப்பேன். அந்த வீட்டில் என்னிடம் ஒருவர் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

பின் அச்சுக்கு மட்டும் சீட்டு எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டேன். "கண்ணைக் கட்டி உட்டாலும் இதைப் பூட்டுவேனுங்க அம்மிணி" என்றுவிட்டார்.

வேலை முடிந்ததும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணன் ஒப்பவில்லை. புது என்ஜின் போட்ட வண்டி புது வண்டிதான்; அதன் முதல் உருளல் எலுமிச்சம்பழத்தின் மேல்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஜாக்கியில் தூக்கிவைத்து ஓட்டிப் பார்த்ததோடு மிஸ்திரியார் விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் பூஜை. மாலை, சந்தனம், நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம். நாமக்கல்லிலிருந்து ஒரு பஸ் முதலாளி வந்திருந்தார். வேலையைப் பார்த்துவிட்டு மிஸ்திரியாரைத் தன் ஷெட்டுக்குத் தலைமை மிஸ்திரியாக அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. நான் உள்ளே இருந்தேன். என் போன்றவர்கள் அந்த நேரத்தில் வாசலுக்கு வரக்கூடாது. கற்பூரம் காட்டியாயிற்று. மிஸ்திரியார் என்ஜினைச் சுற்றும் கைப்பிடியைத் தேடினார். அது நான் சாமான் அடுக்கிவைத்த கூடையில் இருந்தது. "அம்மிணி, அந்தக் கைப்பிடிய எடுத்துட்டு வாங்க" என்று குரல் கொடுத்தார். யோசிக்காமல் எடுத்துக்கொண்டு ஓடிவந்து, வண்டிக்கு நேர் எதிரே நின்று கொடுத்தேன்.

என்ஜின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. அண்ணன் முதல் கியரைப் போட்டார். லாரி எலுமிச்சம்பழங்களை விட்டுவிட்டு, மாலையோடும் சந்தனத்தோடும், பின்னால் போய்ச் சோளத்தட்டுப் போரில் புகுந்தது.

பூஜைக்கு வந்திருந்த என் அத்தைதான் முதலில் பேசினார். "எதுக்க நிக்கறது ஆருன்னு பாத்தீங்களா? பூசை போட்ட வண்டி எப்படி முன்னால வரும்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் இறங்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "மூட்டையக் கட்டு. நாளைக்குப் பனமரத்துப்பட்டிக்கு வண்டி பூட்டச் சொல்றேன்" என்றார். என்னை அழைத்தது யார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலடியில் இருந்த பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிஸ்திரியார் போரின் பக்கம் போனார். ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் கியரைப் போட்டார். லாரி முன்னால் வந்தது. நிறுத்தி, இறங்கி, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"என்ற தப்புங்க. பின் அச்சுக்குள்ள பெரிய பல்சக்கரத்தப் பக்கம் மாத்திப் பூட்டிப்போட்டேன். அதனால கியரெல்லாம் தலைகீழா வேலை செய்யுது. ஜாக்கியில சக்கரம் சுத்துதான்னு பாத்தேனுங்க. எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாக்கல. அம்மிணி சீட்டு எழுதறேன்னுதான் சொன்னாங்க. நாந்தான் வேண்டாம்னேன். இங்க வரச்சொல்லிக் கூப்பிட்டதும் நாந்தானுங்க."

"பாவம்னு அவளுக்காகச் சொல்றே" என்றார் அத்தை.

"அப்படீங்களா? நாளான்னிக்கு இதே எடத்துல அம்மிணி நிக்கட்டுமுங்க. வண்டி முன்னால வரலீன்னா நான் ஸ்பேனரக் கிணத்துல போட்டுட்டுப் போயிர்றேன்."

பஸ் முதலாளி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்தைப் பக்கம் மாற்றிப் போடுகிறவர் தனக்கு வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். சகுனத்தின் மேல் பழி போகட்டும் என்று மிஸ்திரியார் ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தால், அந்த வேலை அவருக்குக் கிடைத்திருக்கும். பிறகு யாருக்கும் தெரியாமல் சக்கரத்தைத் திருப்பிப் பூட்டியிருக்கலாம்.

அதுவரை என்னை அனுப்புவதை அண்ணன் தள்ளிவைத்தார். மிஸ்திரியார் இரண்டு நாளில் பின் அச்சைப் பிரித்துப் பூட்டினார். இந்த முறை சீட்டு எழுதச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. "இப்ப ராகு காலமாச்சே" என்றார் அண்ணன். "பல்சக்கரத்துக்கு அது தெரியாதுங்க" என்றார் மிஸ்திரியார். நான் எதிரே நின்றேன். லாரி முன்னால் வந்து, எனக்கு நாலடி தள்ளி நின்றது. அண்ணன் இறங்கிக் கை கழுவப் போனார். மறுநாள் பனமரத்துப்பட்டிக்கு எந்த வண்டியும் பூட்டவில்லை.

அந்த லாரி பிறகு ஒன்பது வருஷம் ஓடியது. சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரி வாயுவில் ஓடும்படி அதற்குக் கரி அடுப்பு பூட்டியவரும் அவர்தான். நெய் அனுப்புகிற பொறுப்பு மெல்ல மெல்ல என் கைக்கு வந்தது. சில டிரைவர்கள், நான் எதிரே நின்றால் வண்டி நன்றாகப் போகும் என்று புதிதாக ஒன்றைக் கிளப்பினார்கள். மிஸ்திரியார் அவர்களையும் திட்டினார். "அதுவும் வேண்டாமப்பா. அவங்க பாட்டுக்கு நிக்கட்டும், போகட்டும், வரட்டும்."

புதன்கிழமை செவ்வாய்ப்பேட்டைக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். கொட்டகை வாசலில் லாரிக்காரர்களும் பஸ்காரர்களும் உட்கார்ந்து அந்தக் கதையைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் லாரி குளத்துக்குள் போனது என்றார். இன்னொருவர் கோயில் மதிலை இடித்தது என்றார். மாலை, எலுமிச்சம்பழம், பஸ் முதலாளி எல்லாம் அந்தக் கதையில் வந்தன. நான் ஒரு ஓரமாக நின்று கடைசி வரை கேட்டேன். அதில் ஒரு கைம்பெண் வரவே இல்லை.

"இதையெல்லாம் உங்களுக்கு ஆருங்க சொன்னது?" என்று கேட்டேன்.

"அவரேதானுங்க சொல்லுவாரு. நூறு தடவை கேட்டிருப்போம். சொல்லிச் சொல்லி அவரும் சிரிப்பாரு" என்றார் பெரியவர் ஒருவர்.

நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட என் பெயரை எடுக்கவில்லை. ஊர் சிரிக்க வேண்டுமானால் தன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று விட்டிருக்கிறார். என்னைப் பார்த்து எவரும் அந்த நாளை நினைக்காமல் போனது எப்படி என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. இத்தனை வருஷமும் ஊர் தானாக மறந்துவிட்டதென்றே எண்ணியிருந்தேன்.

மிஸ்திரியாரே, அந்த வெள்ளிக்கிழமை நான் வாய் திறக்கவில்லை. பிறகும் உங்களிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. எழுதத் தெரிந்த நான் இன்று எழுதிவைக்கிறேன்: அன்று லாரிக்கு எதிரே நின்றவள் நான். சுகமாகப் போய்ச் சேருங்கள்.