பொன்னாடை வேண்டாம்

என்னிடம் நான்கு பொன்னாடைகள் இருக்கின்றன. ஒன்று தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் கிடக்கிறது. இன்னொன்றை மழைக்காலத்தில் என் கணவர் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வார். மற்ற இரண்டும் அலுமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. எல்லாமே எனக்கு அறுபது தாண்டிய பிறகு வந்தவை. அதற்கு முன்பு கூட்டங்களுக்குக் கூப்பிட்டவர்கள் என்னிடம் கவிதை கேட்டார்கள். பிறகு கூப்பிட்டவர்கள் மேடையில் ஒரு கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார்கள்.

ஐந்தாவது பொன்னாடை வரப்போகிறது என்பது போன வருடம் ஒரு காலையில் தெரிந்தது. கடுகண்ணாவையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி போனில் அழைத்தார். நல்ல பிள்ளை. கடையில் துணி கிழிக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கவிதை, கூட்டம் என்று அலைகிறவர். அங்கே ஓர் இலக்கிய வட்டம் நடத்துகிறார். கவியரங்கம் ஒன்று வைக்கிறார்களாம். தலைப்பு, முதுமை.

"நீங்க ஒண்டும் கஷ்டப்பட தேவல்ல டீச்சர். சும்மா வந்து இரிங்க. ஒங்களுக்குப் பொன்னாட ஒண்டு ஈக்கி."

"பாடுறது யாரு?" என்றேன்.

ஐந்து பேரைச் சொன்னார். ஐவருமே என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகளாக இருக்கக்கூடிய வயது. இவர்கள் முதுமையைப் பாடுவார்களாம், முதுமை கதிரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"பொன்னாடை வேணாம் தம்பி. ஆறாவது ஆளா என்னைப் போடுங்க. நானும் பாடுறேன்."

மறுமுனையில் அவர் கொஞ்சம் தயங்கினார். ஏனென்று எனக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன் கண்டியில் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டே வந்தவள், சொல்ல வந்தது மறந்துபோய், நன்றி வணக்கம் சொல்லி இறங்கிவிட்டேன். அந்தச் செய்தி கடுகண்ணாவை வரைக்கும் பஸ் ஏறிப் போயிருக்கும்.

"பேப்பரப் பாத்துப் படிங்க டீச்சர், பிரச்சினல்ல."

"பார்க்காமத்தான் பாடுவேன்."

வீம்பு என்று நினைத்திருப்பார். வீம்புதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீம்பு மட்டுமில்லை. பொன்னாடை போர்த்துவது கௌரவந்தான், ஆனால் போர்த்திய பிறகு ஒருவரும் உங்களிடம் கவிதை கேட்பதில்லை. நான் இன்னும் கவிதைக்காரிதானா, அல்லது கவிதைக்காரியாக இருந்தவளா என்று எனக்கே தெரிந்தாக வேண்டும். அதைச் சபைக்கு முன்னால் நின்றுதான் கண்டுபிடிக்க முடியும். தடுமாறினால் இனி எந்த மேடையிலும் ஏறுவதில்லை என்று கண்டி மஹய்யாவவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று கணவரிடம் சொன்னேன். அவர் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"சரி, தேத்தண்ணிய குடிச்சிட்டு எழுதப் போ," என்றார்.

எழுதினேன். முதுமை என்றதும் பேனாவுக்கு முதலில் வருவது மேற்கே சாயும் சூரியனும் உதிரும் சருகும். அவற்றைத் துரத்தவே ஒரு வாரம் போனது. எனக்கு அறுபத்தொன்பது, நான் எங்கும் சாயவில்லை, பஸ் வளைவில் திரும்பும்போது தவிர. கவிதையில் முதுமை என்பது மற்றவர்கள் தூரத்தில் நின்று பார்க்கும் காட்சியாகவே இருந்துவருகிறது. உள்ளேயிருந்து பார்த்தால் அது வேறு. இருபது வயதின் கோபம் அப்படியே இருக்கிறது, முழங்கால்தான் ஒத்துழைக்க மறுக்கிறது. அதனால் இப்படித் தொடங்கினேன்:

காலம் என்னைக் கடக்கவில்லை;
நான்தான் அதைக் கடக்கிறேன்,
கையில் மரக்கறிப் பையோடு,
மஞ்சள் கோட்டுக் கடவை வரை நடக்கப் பொறுமையில்லாமல்.

நடுவில் ஓரிடத்தில் பயத்தையும் வைத்தேன். கண்டி மார்க்கெட்டில் ஒரு நாள், என்னோடு வருடக்கணக்காக ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் ஓடிவந்து கட்டிப் பிடித்தார். அவருடைய மகன், மருமகள், சீனி வருத்தம், அதற்குப் போடும் மாத்திரை எல்லாம் பேசினோம். அவர் பெயர் கடைசி வரை எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அன்றைக்கு எழுதியது இது:

பெயர்கள்தாம் முதலில் போகின்றன,
கதவைச் சாத்தாமல்.

பிறகு மனப்பாடம். தினமும் காலையில் சமையலறையில் நடந்தபடி சொல்வேன், கணவர் வெங்காயம் உரித்தபடி கேட்பார். ஹார்ட்வெயார் கடையில் ஆணியும் பெயின்ற்றும் விற்று ஓய்வு பெற்ற மனுஷன், கவிதையில் ஆர்வம் கிடையாது. ஆனால் நான் நின்றால் அடுத்த வரியை டக்கென்று எடுத்துக் கொடுத்துவிடுவார். எனக்கு எரிச்சல் வரும்.

"நீங்க சொல்லாதீங்க. நானே எடுத்துக்குவேன்."

"நிக்கிறியேன்னு சொன்னேன்."

"நின்னா நிக்கட்டும். அன்னைக்கும் வாயத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

வெங்காயக் கையோடு சத்தியம் செய்தார்.

கவியரங்கத்தில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சொல்வது வழக்கம். சபையும் அதைத்தான் விரும்பும். இளமையில் அது வரி பதிவதற்காக என்று நினைத்திருந்தேன். இப்போது முதல் முறை சபைக்கு, இரண்டாம் முறை எனக்கு. நாக்கு பழைய வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மனது உள்ளே போய் அடுத்த வரியைத் தேடி எடுத்து வந்துவிடும்.

கவியரங்கத்தன்று கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறிக் கடுகண்ணாவைக்குப் போனோம். மண்டபம் நிறைந்திருந்தது. கணவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். தலைமை வகித்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்ட ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். ஐந்து பிள்ளைகளும் போனைப் பார்த்து வாசித்தார்கள். மூன்று சூரியன்கள் சாய்ந்தன. ஒரு பெண் மட்டும் தன் அம்மாவின் கைநடுக்கத்தை நன்றாகப் பாடினாள், மனமாரக் கை தட்டினேன்.

என் முறை வந்தது. மஞ்சள் கடவைக்குச் சபை சிரித்தது. "திருப்பிச் சொல்லுங்கோ!" என்றார் தலைவர். எனக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்துவிட்டது. தங்குதடையில்லாமல் போனேன், அந்த இடம் வரும் வரை.

"பெயர்கள்தாம் முதலில் போகின்றன," என்றேன். இரண்டாம் முறையும் சொன்னேன். உள்ளே போன மனது வெறுங்கையோடு திரும்பியது. மூன்றாம் முறை சொன்னேன். அழுத்தத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள். நான்காம் முறை சொன்னபோது கைதட்டல் இல்லை.

தலைவருக்கு விளங்கிவிட்டது. "ஓம், அருமையான வரி. டீச்சருக்கு ஒருக்கா பலமாக் கை தட்டுங்கோ," என்றார். மேடை ஓரத்தில் புடவைக்கடைத் தம்பி எழுந்துவிட்டார். கையில் பொன்னாடை. நான் வேண்டாம் என்றும் கேளாமல் வாங்கி வைத்திருக்கிறார். அன்பாகத்தான் வந்தார். அந்த அன்பைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"இருங்க தம்பி," என்றேன் ஒலிவாங்கியிலேயே. "இன்னும் முடியல. ஒரு வரி மறந்துபோச்சு. சபையில எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கங்க."

அவர் நின்றார். மண்டபமும் பொறுத்தது. நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். என் கணவர் ஒரு கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் பிதுங்கி இருந்தன. வரி அவர் வாய்க்குள் இருக்கிறது, சத்தியத்துக்காக விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவிக்கிறார். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அந்த மனுஷனை நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் வீடுகளில் அப்படிக் கூப்பிடும் வழக்கமும் இல்லை. என்னங்க, இங்க பாருங்க, இவ்வளவுதான்.

பழைய வரி வரவில்லை. வேறொன்று வந்தது.

"பெயர்கள்தாம் முதலில் போகின்றன;
நான் பெயர் சொல்லி அழைக்காத ஒருவர்
எங்கும் போகவில்லை."

தலைவர் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. நானே திருப்பிச் சொன்னேன். அதன் பிறகு மிச்சமெல்லாம் தானாக வந்தது, கடைசி வரி வரை பாடி முடித்தேன். பொன்னாடையைத் தம்பி தலைவருக்குப் போர்த்தினார். அவருக்கும் அது பொருத்தமாகவே இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு என்ன தலைப்பு என்று இறங்கும்போதே தம்பியிடம் கேட்டு வைத்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். பேராதனை தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"அந்த எடத்துல 'கதவைச் சாத்தாமல்'னு தானே வரும்?"

"வந்துச்சு. இனி வராது. மாத்தியாச்சு."

"அப்ப நான் இத்தன நாளா பாடமாக்கி வச்சது?"

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றேன். "நான் கேட்டா குடுங்க."