நாச்சாரம் மூங்கில் புதரின் தத்துப்பூச்சி

செவ்வாய்க்கிழமை காலை ஏ.எஸ்.ராவ் நகரில் பேருந்துக்காக நின்றிருந்தபோது, சுந்தரேசன் சாரின் மனைவி லலிதா அழைத்தார். "கலா, அவர் போயிட்டார்" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். நாங்கள் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, அச்சுக்குப் போக என் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. அதில் அவரிடம் நான் மறைத்த ஒன்று இருந்தது.

சார் செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர்; அவர் பேச்சில் அந்த ஊர் உருது கலந்திருக்கும். பதினாறு ஆண்டுகள் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, செடிச் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகளை இனம் பிரித்தோம். அரிசி நீளம்கூட இல்லாத பூச்சி. வெளியே பார்த்தால் பலவும் ஒன்றுபோலவே இருக்கும். ஆண் பூச்சியின் வயிற்றுப் பகுதியைக் கழற்றி, காரக் கரைசலில் கொதிக்க வைத்து, உள்ளுறுப்பைப் பார்த்தால்தான் இனம் தெரியும். பிறகு அந்த வயிற்றைச் சிறு குப்பியில் இட்டு, அதே பூச்சியைக் குத்தியிருக்கும் ஊசியிலேயே மாட்டி வைக்க வேண்டும். ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொட அவர் விடமாட்டார். "நக்கோ கலா, வேணாம், ரெண்டும் கலந்துச்சுன்னா கடவுளுக்கே தெரியாது" என்பார். அந்தக் கண்டிப்பு எனக்கு எரிச்சலாக இருக்கும்.

போன மழைக்காலத்தில் நாச்சாரத்தில், ஒரு தொழிற்சாலைச் சுவரோர மூங்கில் புதரில் வலை வீசினோம். இரண்டே ஆண் பூச்சிகள் சிக்கின. மறுநாள் அவருக்கு இதயப் பரிசோதனை. அவர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று இரண்டு வயிறுகளையும் ஒன்றாகக் கொதிக்க வைத்தேன். இறக்கியபோது எது எதனுடையது என்று தெரியவில்லை. குத்துமதிப்பாகக் குப்பிகளில் போட்டேன்.

அடுத்த நாள் நுண்ணோக்கியில் பார்த்தவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"புது இனமா சார்?"

"ஹவ், ஆமா! புதுசுதான். வயிறு இதோடதுதானே?"

"ஆமா சார்" என்றேன்.

அதற்குமேல் அவர் கேட்கவே இல்லை. உடலும் வயிறும் வேறுவேறு பூச்சிகளுடையவை என்றால், நாங்கள் விவரிக்கும் பூச்சி உலகத்திலேயே இல்லை. மூன்று மாதம் அவர் அதை வரைந்தார், அளந்தார். நான் ஒவ்வொரு நாளும் பயந்து செத்தேன். பலமுறை சொல்ல வாயெடுத்தேன். "என் சர்வீஸுக்கு இது ஒண்ணு போதும் கலா" என்று அவர் சிரிக்கும்போது அளவுகளைக் குறிக்கத் தொடங்கிவிடுவேன்.

காரியம் முடிந்த அன்று லலிதா கேட்டார்: "பேப்பர் எப்ப வரும்? ஆஸ்பத்திரில தினமும் அதத்தான் கேட்டுட்டிருந்தார்."

"வராதுக்கா. நிறுத்தச் சொல்லி எழுதிட்டேன். தப்பு என்னோடது" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

லலிதா, "அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே கலா. ரெண்டு திட்டு திட்டிட்டு, மறுபடி வலையத் தூக்கிட்டுப் போயிருப்பாரே" என்றார்.

சார், இந்த மழைக்கு நான் தனியாகத்தான் போக வேண்டும். உங்கள் காலி நாற்காலியைப் பார்த்துச் சொல்ல இன்னும் பயமாக இருக்கிறது. அதனால் எல்லோரும் படிக்கும்படி இந்த அஞ்சலியில் எழுதிவிட்டேன். போய் வாருங்கள்.